பெரும்பனிக்கு நட்ட கம்பம்

வானொலி: பேரறிவிப்பு! மானுட குலத்தின் மேலான கவனத்திற்கு! லட்சம் ஆண்டுகளாக நம் நிலத்தை மூடித் துயிலும் பெரும்பனியின் விளிம்பில், கடல் கடந்து வந்த கலைமான் பாதுகாப்புக் குழுத் தலைவர் தமது திருக்கரங்களால் எல்லைக் கம்பம் நட்டருளினார். கம்பத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குக் கலைமான் வேட்டை இன்று முதல்...

இவாலு: அணை அதை!

கில்லாக்: சாப்பிடுற நேரத்துல ஏன் இவாலு...

இவாலு: பெரும்பனி விளிம்புல என்னய்யா இருக்கு? நம்ம மான் பள்ளத்தாக்கு! குளிர்காலம் பூரா உன் வயித்துக்குள்ள போறது எது?

கில்லாக்: மான்தான்.

இவாலு: அந்தக் கும்பலை நாய்வண்டியில கூட்டிட்டுப் போனது யாரு?

கில்லாக்: ...

இவாலு: புருவத்தைத் தூக்காதே. ஆமான்னு வாயால சொல்லு!

கில்லாக்: ஆமா. நாய்ங்கதான் இழுத்துச்சு...

இவாலு: அதுங்க மேல பழியா? அதுங்களுக்காவது வெட்கம் இருக்கும். எங்க தாத்தன் காலத்துலேர்ந்து அடிக்கிறோம், மான் குறையல. ஒரு நாள் வந்து குளிருல நடுங்கினவன் நமக்குக் கோடு போடுறான்! நீ அவனுக்குக் கம்பளி போர்த்திவிட்டியா?

கில்லாக்: ரெண்டு கம்பளி.

இவாலு: த்தூ! ...மீன் எப்படி இருக்கு?

கில்லாக்: நல்லா இருக்கு. கொழுப்பு.

இவாலு: உனக்குத்தான் கொழுப்பு. சொல்லு, அங்க என்ன நடந்துச்சு?

கில்லாக்: உறைஞ்ச குடாவைத் தாண்டும்போது நாய்க் கயிறு சிக்கிக்கிச்சு. பிரிக்கலாம்னு நிறுத்தினேன். தலைவர் இறங்கி ரெண்டு கையையும் விரிச்சிட்டார்.

இவாலு: எங்க? குடாவுலயா?

கில்லாக்: 'ஆஹா! இந்தப் பனியின் பாரம் தாங்காமல் கீழே நிலம் அமுங்கிக் கிடக்கிறது!'ன்னார்.

இவாலு: கீழே கடல்தானே கிடக்கு!

கில்லாக்: 'இதுதானே பெரும்பனி?'ன்னு கேட்டார். நான் மூக்கைச் சுருக்கினேன்.

இவாலு: இல்லைன்னு சொல்லிட்டே. பால் குடிக்கிற பிள்ளைக்குக் கூடப் புரியுமே.

கில்லாக்: அவருக்குப் புரியல. ஜலதோஷம்னு நினைச்சு கைக்குட்டை கொடுத்தார். மறுபடி கேட்டார். இன்னும் பலமா சுருக்கினேன். மாத்திரை கொடுத்தார்.

இவாலு: வாய் எங்கய்யா போச்சு?

கில்லாக்: பெரும்பனிக்கு இன்னும் மலை ஏறணும். அவர் அதுக்குள்ள கம்பத்தை நட்டுட்டார். ஐஸை ஒரு துண்டு பெயர்த்து மதுவுல போட்டு, 'லட்சம் ஆண்டுச் சுவை'ன்னு கண்ணீர் விட்டார்.

இவாலு: உப்புல வந்திருக்கும்.

கில்லாக்: போன அக்டோபர்ல உறைஞ்ச கடல் அது. ஜூன்ல உடைஞ்சா கம்பமும் போச்சு. அதுவரைக்கும் குடா மேல மான் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பள்ளத்தாக்கு நம்மளோடதுதான்.

இவாலு: இதை ஏன் இத்தனை நாளா மறைச்சே? நான் கத்துறதை வேடிக்கை பார்த்தியா?

கில்லாக்: சொன்னா உன் தங்கச்சி காதுக்குப் போகும். அவ காதுக்குப் போனா ஊர் சிரிக்கும். சிரிப்பு அவருக்குக் கேட்டா, திரும்பி வந்து சரியான இடத்துல நட்டுருவார். அதான்... அந்தக் கம்பம் எங்க நிக்குதுன்னு உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. சரியா?

இவாலு: நேத்து நானும் தங்கச்சியும், எதுக்கு நட்டதுன்னு தெரியாம, குடாவுல நின்ன அந்தக் கம்பத்துல தூண்டில் கயிறைக் கட்டித்தான், நீ இப்ப மெல்லுற மீனைப் பிடிச்சோம்.