அறுந்த இழை

தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம், முக்கூடல் பஸ். முன் இருக்கையில் இரண்டு நூல் மில் தொழிலாளிகள். ஒருவர் தலையெல்லாம் பஞ்சு. புதுச் சட்டை போட்டிருந்த மற்றவர் தலையில் ஒரு தூசி இல்லை.

"கையைப் பின்னால கட்டிக்கிட்டு நடக்கப் பழகுதேன்வே," என்றார் புதுச் சட்டைக்காரர். பின்னால் கண்ணயரப் போன எனக்குத் தூக்கம் போயிற்று.

"எதுக்குவே?"

"சூப்பர்வைசர் ட்ரெய்னிங்ல அப்படித்தான் சொல்லிக் குடுக்காவ. நூலு அறுந்தா ஆளைக் கூப்பிடணுமாம், நாம தொடக் கூடாதாம். இத்தனை வருசம் ஒட்டின கைவே. அறுந்ததைப் பாத்தாலே பரபரங்கு."

சொல்லும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத நூலை முறுக்கின.

பஞ்சுத் தலைக்காரர் அந்த விரல்களைப் பார்த்தார்.

"நாளைக்கு என் மிசினுப் பக்கம் பைய வாரும். ஒரு இழையை ஒட்டாம விட்டு வைக்கேன். யாரும் பாக்காத நேரம் ஒட்டிட்டுப் போவும்."