சிப்பில் வெறுமனே கிடந்த இடம்

ஐயப்பன்தாங்கலிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், இன்ஸ்பெக்டர் சார். அசதியாக இருக்கிறது. உட்கார்ந்தே சொல்கிறேனே.

அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷின்களுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. புரோகிராம் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பெட்டிக்குள் ஒரு சிப் இருக்கும். கரண்ட் வந்ததும் மெஷினை எழுப்பிவிடும் பூட் புரோகிராம் அதில்தான். எழுதியவள் புஷ்பா; ஆவடி குவார்ட்டர்ஸ் பெண், கெட்டிக்காரி. ஆனால் சிப்பில் பாதிக்குமேல் எந்த வேலையும் செய்யாத வெறும் நிரப்பல் வரிகள். போன வருஷம் பெரிய சிப் கிடைக்காமல் ஆர்டர்கள் தேங்கின. முதலாளி தினமும் என் மேஜையருகே வந்து நின்றார். நிரப்பலை எடுத்துவிட்டால் சின்ன சிப்பே போதும்.

புஷ்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சார், அது சும்மா கெடக்கற எடம் இல்ல. கரண்ட் எகிறினா புரோகிராம் தடம் மாறி ஓடும். அங்க போய் வுழுந்தா மெஷின் தானா நின்னுடும். அதுக்குத்தான் வுட்டுவெச்சேன். எடுத்துட்டா, பிரஸ்ஸை எறக்கற வரியிலயே போய் வுழலாம்."

"புரியுதும்மா" என்றேன். புரியத்தான் செய்தது. அவள் லீவில் போனபோது நிரப்பலை எடுத்துவிட்டு, சின்ன சிப்போடு பெட்டிகளை அனுப்பினேன்.

வெள்ளானூர் பட்டறையில் பிரஸ் ஓட்டும் தங்கவேல் ஒருநாள் தேடி வந்தார். "பெடல்ல கால வெக்கவே இல்ல சார். அது பாட்டுக்கு எறங்குது. இன்னா சார் இது?"

கவனமாக ஓட்டச் சொல்லி, டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினேன். ஆறுதலாகத்தான் போனார்.

அப்புறம் அயனம்பாக்கத்தில் பிரஸ் ஓட்டும் கன்னியம்மா. இரண்டு கையும் உள்ளே இருக்கும்போது இறங்கியிருக்கிறது. மணிக்கட்டோடு போயிற்று. அதிகாரிகள் வந்து பார்ப்பதற்குள் அந்தப் பெட்டியில் மட்டும் பழைய சிப்பை மாட்டினேன். ஆஸ்பத்திரிக்கும் போனேன், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. அவளால் உரிக்க முடியாது என்பது அங்கே போனபிறகுதான் உறைத்தது. நானே உரித்து ஊட்டினேன்.

"நான்தான் பெடல மிதிச்சிட்டேனா சார்? எனக்கு நெனப்பே இல்ல."

"அசதியில அப்படித்தாம்மா ஆகும்" என்றேன். தலையாட்டினாள்.

புஷ்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "மத்த மெஷின்லயாவது மாத்துங்க சார்" என்று அழுதாள். மாற்றியிருக்கலாம். பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, ஏன் எதற்கு என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. அவள்தான் உங்களிடம் வந்திருப்பாள். தங்கவேல் போன வாரம், சிக்கிய தகட்டை எடுக்கத் தலையை உள்ளே நுழைத்தாராம். அப்போதும் அது பாட்டுக்கு இறங்கியிருக்கிறது.

தெரிந்தேதான் செய்தேன், சார். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யாருக்கும் கெடுதல் நினைத்தவனில்லை.

மற்ற மெஷின்களா? பூந்தமல்லிப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கின்றன. இடம் சொல்கிறேன், இந்த ஷிப்ட் முடியட்டும். பாதியில் நிறுத்தினால் அங்கே வேலை செய்கிறவர்களுக்குத்தானே சார் கஷ்டம்?