சிட்டுக்குக் கொடுத்த பின்னல்

பறவைகள் கூடு கட்டுவதற்குத் தோட்டத்தில் ஏதாவது எடுத்து வைக்க வேண்டுமென்றால், முட்டை அடிக்கும் கம்பியைவிடத் தோதான பொருள் கிடையாது. வயிறு பருத்த பெரிய கம்பியாகப் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே பாசியும் ஆட்டு ரோமமும் திணித்து, கைப்பிடி மேலே வரும்படி மரக்கிளையில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. அலகு நுழைய இடம் இருக்கும். காற்றுக்கு எதுவும் பறக்காது. ரொம்பவும் இறுக்கித் திணிக்கக் கூடாது. பறவை இழுத்தால் வர வேண்டும், இழுக்காவிட்டால் வரக் கூடாது. இந்தப் பக்குவம் எனக்கு இரண்டாவது நாளே கைவந்துவிட்டது. பேரிக்காய் மரத்தில் அதைத் தொங்கவிட்டு, கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது, ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பிரெபன், நமது பறவைச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். மன்னிப்பு எழுது என்று சொல்லவில்லை. அது உங்கள் பண்பு. என் கூட்டுப் படத்துக்குக் கிடைத்த முதல் பரிசுக் கோப்பையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

என் தங்கை லிஸ்பெத்தை உங்களுக்குத் தெரியும். கடல் உள்ளே நுழைந்த ஃபியோர்டு ஓரத்து இந்தச் சிறிய ஊரில் அவளைத் தெரியாதவர்கள் யார்? அவள் பெயர் மறந்துபோனால் ஆட்கள் கையை இடுப்பு வரை இறக்கிக் காட்டுவார்கள், கேட்பவருக்குப் புரிந்துவிடும். செம்பு நிறத்தில் அப்படி ஒரு கூந்தல். தேவாலயப் பாடகர் குழுவில் அவள் நின்றால் ஜன்னல் வெளிச்சம் அவள் தலையில்தான் விழும். என்னைப் பற்றிப் பேசும்போது அவளுடைய அக்கா என்பார்கள். இருபத்தொன்பது வருடம் பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வருகிறவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

மார்ச் மாதம் அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்ற ஆரம்பித்தால் மூன்றாவது வாரம் முடி கொட்டிவிடும் என்றார்கள். கொட்டும் வரை காத்திருக்க அவளுக்கு மனம் இல்லை. ஆர்ஹூஸ் நகரத்தில் ஒரு பெண்மணி, நம் முடியையே வாங்கி நமக்கே விக் தைத்துக் கொடுப்பாளாம். அதனால் லிஸ்பெத் என்னைக் கூப்பிட்டு, பின்னலை வெட்டச் சொன்னாள். இரண்டு முனையிலும் ரப்பர் வளையம் போட்டு நான்தான் வெட்டினேன். கத்தரி நான்கு தடவை சிக்கியது. அந்த உடம்போடு அவளால் அப்போது கார் ஓட்ட முடியாது. வியாழக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னேன். மெல்லிய தாளில் சுற்றி என் கைப்பையில் வைத்தாள்.

"பத்திரம், டோர்த்தே," என்றாள் சிரித்துக்கொண்டே. "எனக்கு வேற தலை கிடையாது."

வியாழக்கிழமை காலை கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். கம்பியில் ஒரு நீலச் சிட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டு ரோமத்தை ஒரு இழுப்பு இழுத்தது, பிடிக்காமல் கீழே போட்டது, என்னைப் பார்த்தது. விருந்தாளிக்கு நாம் வைத்த சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வோம்? உள்ளே போய்ப் பின்னலின் நுனியில் ஒரே ஒரு சிட்டிகை வெட்டினேன். அதையும் விரல் கணு அளவுக்கு நறுக்கினேன். நீள முடி குஞ்சுகளின் காலில் சுற்றிக்கொண்டால் கால் அழுகிப் போகும். அந்த விஷயத்தில் நான் கவனமாக இருந்தேன் என்பதைச் சங்கத்தின் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம்.

நான்கு நிமிடத்தில் சிட்டு திரும்பி வந்தது. அலகு கொள்ளாமல் அள்ளியது. இரண்டு பக்கமும் செம்பு மீசை வைத்த மாதிரி கிளையில் உட்கார்ந்து ஒரு கணம் என்னை முறைத்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஈரப் புல் என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆர்ஹூஸுக்கு அடுத்த வாரம் போகலாம் என்று தோன்றியது.

அதன்பின் தினமும் காலைக் காபிக்கு முன்னால் ஒரு பிடி. சிட்டு கூடு கட்டிய மரப் பெட்டிக்குள் சின்னக் கேமரா வைத்திருந்தேன். பெண் சிட்டு அந்த முடியின் நடுவில் உட்கார்ந்து, மார்பால் அழுத்தி, சுற்றிச் சுற்றிக் குழிவாக்கும். அதைப் பார்த்துக்கொண்டே கரிந்துபோன ரொட்டியைத் தின்றிருக்கிறேன், ருசி தெரியவில்லை. விக் தைப்பவளிடம் ஏகப்பட்ட பேர் காத்திருக்கிறார்கள் என்று லிஸ்பெத்திடம் சொல்லியிருந்தேன். அவள் நம்பினாள். வாந்தியும் தலைசுற்றலுமாகக் கிடந்தவளுக்கு விசாரிக்கத் தெம்பு இல்லை.

ஒரு நாள் போன் செய்தாள். "நேத்து ராத்திரி தலகாணி பூரா முடி, டோர்த்தே. மீதி இருந்ததும் போச்சு. கைய வச்சா கையோட வருது."

அந்த நேரம் கேமராத் திரையில் சிட்டு கூட்டின் விளிம்பைக் கோதிக்கொண்டிருந்தது. வெயில் பெட்டியின் துளை வழியாக விழுந்து கூடு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி மின்னியது.

"எவ்வளவு அழகா இருக்கு," என்றேன்.

"எது?"

"ஒண்ணுமில்ல. பறவை."

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் நடந்தது உங்கள் கண் முன்னால் நடந்தது. கிரீம் கேக் வெட்டி, காபி ஊற்றி, மதிய வெளிச்சத்தை மறைக்கத் திரைச்சீலைகளை இழுத்து, என் படத்தைப் போட்டீர்கள். செம்புக் கிண்ணம் போன்ற கூட்டில் ஏழு குஞ்சுகள் ஏழு மஞ்சள் வாயைத் திறந்தன. மண்டபமே கைதட்டியது. இது நரி முடியா என்று நீங்கள் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பாதம் தரையில் படவில்லை.

லிஸ்பெத் இரண்டாவது வரிசையில் இருந்தாள். நீலக் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். மருந்து ஏற்றி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று வந்திருந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, திரைக்கு மிக அருகில் போய் நின்றாள். தொப்பியைக் கழற்றினாள். படம் விழுந்த மொட்டைத் தலையின் மேல் குஞ்சுகளின் வாய்கள் அசைந்தன. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

"அது என்னோடது," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஆர்ஹூஸுக்குப் போகவே இல்ல, இல்லையா?" என்றாள்.

போகவில்லை என்றேன்.

"மிச்சம்?"

இல்லை என்றேன். அவள் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். தன் காபிக் கோப்பையைக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தாள். உங்கள் மனைவிதான் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் எனக்குக் கதவு திறக்கவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மனுஷி முடி திரும்ப வளரும். சிட்டுக்கு ஆயுளில் இரண்டோ மூன்றோ ஏப்ரல்தான். விக் கிடைத்திருந்தால் அது ஒரு வருடம் அவள் தலையில் இருந்துவிட்டு அலமாரிக்குள் போயிருக்கும். இங்கே ஏழு குஞ்சுகளும் பறக்கத் தயாராகிவிட்டன, ஒன்றுகூடச் சாகவில்லை. இதையெல்லாம் மண்டப வாசலில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் சைக்கிள் பூட்டைத் திறந்து, மறுபடியும் பூட்டினீர்கள்.

"முழுக்கவும் பறவைக்காகத்தான்னா, நான் எப்படியாவது புரிஞ்சுக்கப் பார்க்கிறேன், டோர்த்தே," என்றீர்கள்.

நீங்கள் நல்லவர். உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. ஆகவே ஏப்ரல் இருபத்தாறாம் தேதியைப் பற்றியும் எழுதுகிறேன்.

அன்று காலை கூட்டில் முதல் முட்டை வந்துவிட்டது. கூட்டு வேலை முடிந்து மூன்று நாளாகக் கம்பிப் பக்கம் ஒரு சிட்டும் வரவில்லை. பின்னலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. மதியம் லிஸ்பெத் போன் செய்தாள். பாதிப் பின்னல் இருந்தாலே போதும் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம், தொப்பிக்குக் கீழே நெற்றியிலும் காதோரத்திலும் தெரிகிற மாதிரி தைத்துத் தருவார்களாம், சீக்கிரமும் கிடைக்குமாம். அதை ஆர்ஹூஸ் பெண்மணியிடம் சொல்லச் சொன்னாள். குரலில் அவ்வளவு உற்சாகம். பாடகர் குழுவுக்குத் திரும்பப் போகலாம் என்று பார்க்கிறாளாம்.

சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பின்னலை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் படியில் உட்கார்ந்து, மீதியை ஒரே மூச்சில் வெட்டி முடித்தேன். கை நிறைய அள்ளி அள்ளித் தூக்கி வீசினேன். ஃபியோர்டிலிருந்து காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. புல்லில், பேரிப் பூவில், வேலியில், எங்கு பார்த்தாலும் செம்பு. கைகளை விரித்துக்கொண்டு அதற்குள்ளே சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சுற்றினேன் என்று நினைவில்லை. மூச்சு வாங்க நின்றபோது சமையலறை ஜன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். என் நரைத்த தலை முழுக்க அவள் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு நன்றாகத்தான் இருந்தது, பிரெபன். அன்று முழுவதும் நான் தலை வாரவில்லை.