சொல்லாமல் விட்ட மாமன்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் மாவட்டத் தலைவர் அவர்களே, பள்ளிவாசல் பெரியவர் அவர்களே, மறைந்த மருத்துவர் ஷாய்லூபெக் அவர்களின் நாற்பதாம் நாளுக்குக் குதிரையிலும் வண்டியிலும் வந்து சேர்ந்திருக்கும் அத்-பாஷி ஊர் மக்களே! நான் கலீமா, அவருடைய இதயப் பிரிவில் செவிலி. ஊசி போட்டே பழகிய எனக்கு மேடைப் பேச்சு வராது. வந்த வரைக்கும் கேளுங்கள்.

எப்பேர்ப்பட்ட மனிதர்! நாற்பது வயது ஆண்கள் சுருண்டு விழுந்து செத்தால் கண்ணேறு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். "கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல, பரம்பரையா ரத்தத்துல வர்ற கொழுப்புக் கோளாறு. அப்பா வழியிலயும் வரும், அம்மா வழியிலயும் வரும்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் யார்? மரபணுச் சோதனைக்கு நம் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துத் தலைநகர் பிஷ்கெக் வரை தானே வண்டி ஓட்டிப் போனவர் யார்? முன்கூட்டியே தெரிந்தால் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு தலை நரைக்கும்வரை வாழலாமே.

நாம் என்ன செய்தோம்? ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பித்தோம். தாய்மாமன் எப்படிச் செத்தார் என்று கேட்டால் மழுப்பினோம். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டுப் பெண்ணை யார் கட்டுவார்? குதிரையிலிருந்து விழுந்தார் என்றோம், ஆற்றோடு போனார் என்றோம். டாக்டர் ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னார்: "கலீமா, இந்த ஊர்ல குதிரையேறத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்ல போலிருக்கே."

நீங்கள் ஏன் சோதித்துக்கொள்ளவில்லை என்று அவரையே கேட்டேன். தம்முடைய ஏழு தகப்பன்மாரும் பல் கொட்டிய கிழவர்களாகத்தான் செத்தார்கள் என்றார். அம்மா வழியில்? பெரிய மாமன் குதிரையிலிருந்து விழுந்தாராம், சின்னவர் ஆற்றோடு போனாராம். ஊரார் சொன்னதை நம்பாதவர், பெற்றவள் சொன்னதை நம்பிவிட்டார்.

ஐம்பதைத் தொடுமுன் மருத்துவமனையிலேயே, ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்தபடியே சரிந்தார். அடக்கம் செய்த அன்று அவருடைய தாயார் சபீரா அம்மா என்னிடம் சொன்னார்: "என் அண்ணன், தம்பி ரெண்டு பேரும் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனாங்க. பொறந்த வீட்டுக்குக் கெட்ட பேரு வந்துடுமேன்னு மறைச்சேன்." இதைச் சபையில் சொல்லச் சொன்னவரும் அவரே.

டாக்டருடைய ஒரே மகன் எலாமான் முன்வரிசையில் இருக்கிறான். கோளாறு அவனுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தம் கொடு என்று கெஞ்சினேன். பெண் வீட்டாருக்குத் தெரிந்தால் நிச்சயித்த கல்யாணம் முறிந்துவிடும் என்று சித்தப்பாமார் தடுத்தார்கள். அவனும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அக்கா, எங்க ஏழு தகப்பன்மாரும் நல்லாத்தானே இருந்தாங்க?"

டாக்டர், உங்கள் பணியைத் தொடர்வேன் என்று சபையறியச் சொல்கிறேன். யாராவது வருவார்கள் என்று நம்பிச் சொல்லவில்லை. நாளைக் காலையில் கதவைத் திறந்து ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

எழுந்திருங்கள், சாப்பாடு தயாராகிவிட்டது. இறந்தவரின் மகன் என்ற மரியாதைக்கு எலாமானுக்கு ஆட்டுவால் கொழுப்பைப் பெரியவர்கள் தங்கள் கையாலேயே ஊட்டுவார்கள். அவனும் வாங்கிக்கொள்வான். அவன் அப்பாவும் மறுத்ததில்லை.