கிரேசி பார்த்த கை

பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் கிரீஸ் போய்விடும், போதகர் ஐயா. நகக்கண்ணில் இருப்பது மட்டும் போகாது. நாகர்கோவில் மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறவன் கை அப்படித்தான் இருக்கும்.

என் மாமன் மகள் கிரேசி இதைச் சொல்லிக்காட்டினாள். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டதற்கு, "அத்தானுக்க கையப் பாத்தாலே சோறு இறங்காது. பொன்னுலிங்கத்துக்க கை என்னா சுத்தம், பாத்தியளா?" என்று சிரித்தாள். சுத்தமாகத்தான் இருக்கும். அவன் எஸ்டேட் முதலாளி மகனின் டிரைவர். காரைத் துடைப்பதும் ஓட்டுவதும்தான் வேலை. அந்த வேலையையும் நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

அந்தச் சின்ன முதலாளியிடம் சீமையிலிருந்து வந்த இரண்டு சீட்டு ரேஸ் கார் இருந்தது. மகாராஜா பட்டமேற்ற வருஷம் கன்னியாகுமரி ரோட்டில் யாரோ அதை முந்திவிட்டார்களாம்; எஞ்சினுக்கு வேகம் ஏற்றித் தரச் சொன்னார். சிலிண்டர் மேல்மூடியின் அடிப்பக்கத்தைச் சீவினேன். இனி உள்ளே பெட்ரோலும் காற்றும் முன்னைவிட இறுக்கமாக அமுங்கும், கார் பறக்கும். ஆனால் காரின் முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பும்போது தீப்பொறி பிந்தி விழ வேண்டும். முந்தி விழுந்தால் ஹாண்டில் திருப்பி அடிக்கும். முன்பு என்றால் கை சுளுக்கும். சீவிய எஞ்சினில் எலும்பு மிஞ்சாது.

தீப்பொறியைப் பிந்தவைக்க ஸ்டியரிங்கில் ஒரு லீவர் உண்டு; மேலே தள்ள வேண்டும். பொன்னுலிங்கத்துக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. முதலாளிக்கு முன்னால் காரை நானே கிளப்பி ஓட்டிக்காட்டினேன். அவர் காப்பி குடிக்கப் போனதும் லீவரின் கம்பியை மாற்றி மாட்டினேன். இனி மேலே தள்ளினால் தீப்பொறி முந்தும்.

காரை எடுக்க வந்த பொன்னுலிங்கத்திடம், "லீவர மேல தள்ளுனியா, மக்கா?" என்று கேட்டேன்.

"தள்ளியாச்சு. நீ சொன்னத மறப்பனா?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஹாண்டிலைச் சுற்றினான்.

மணிக்கட்டு எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. எல்லாரும் அவனிடம் ஓடினார்கள். நான் முதலில் பானட்டைத் திறந்து கம்பியைப் பழையபடி மாட்டினேன். பிறகு அவனை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான்தான். புண் அழுகியதால் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையில்லாத டிரைவரை எந்தப் பெண் கட்டுவாள்? அதை நினைத்துத்தான் செய்தேன்.

அவர்கள் கல்யாணத்தில் ஏன் பாதியில் வெளியே போனாய் என்று கேட்டீர்கள். ஒற்றைக் கையால் தாலி முடிச்சுப் போட முடியாது. முடிந்துவிட அவனுக்கு அக்கா தங்கையும் இல்லை. வேதக்கோயில் நிறைய ஆள் இருக்க, "மக்கா, நீ வந்து இந்த நுனியப் பிடி" என்று என்னைத்தான் கூப்பிட்டான். எழுந்தேன். அதற்குள் கிரேசியே கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அவனுக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறாளாம். வெறும் இரக்கம்தான், ஐயா. கொஞ்ச நாளில் சலித்துவிடும். நான் பட்டறையை விட்டுவிட்டேன். தினமும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். நகக்கண்கூட வெளுத்துவிட்டது, பாருங்கள். அவளிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.