பைப்படித் தேர்தலில் ஒரு கொட்டை கூடுதல்

இல்லீங்க டெஸ்மண்ட் ஐயா, திரும்ப எண்ணாதீங்க. நாலு வாட்டி எண்ணிட்டீங்க, அஞ்சாவது வாட்டி மட்டும் கொறையவா போவுது? ஓட்டுப் போட்ட ஆளு நூத்தி இருபத்தி நாலு. வாளியில கெடந்த ரப்பர் கொட்ட நூத்தி இருபத்தஞ்சு. தோட்டத்துக் கணக்கெழுதற நம்ம கிராணி கொர்னேலியஸ் மூணு வாரம் கழிச்சி கண்டுபிடிச்சி, கோல சிலாங்கூர் லேபர் ஆபீசுக்கு உங்களுக்கு கடுதாசி போட்டுட்டாரு. அந்த மனுசனுக்கு வேற வேல இல்ல.

கோவிச்சிக்காதீங்க, உங்க மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு. படிக்கத் தெரியாத சனம், சீட்டெல்லாம் வேணாம், ஆளுக்கு ஒரு கொட்டயப் போடட்டும்னு சொன்னது நீங்கதான? ஐயா, இது ரப்பர் தோட்டம். இங்க கொட்ட இல்லாத எடம் உண்டா? போன மாசம் எங்க வீட்டு மீன் கொழம்புல ஒண்ணு கெடந்துச்சு. நான் பல்லுல கடிச்சிதான் தெரிஞ்சிகிட்டேன்.

கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் கேளுங்க. நாங்க குடியிருக்கற மேல லயமும் கீழ லயமும் முன்ன கால் மைல் தள்ளி இருந்தப்பவே திருவிழாவுக்குத் திருவிழா மண்ட ஒடையும். எமர்ஜென்சி வந்துச்சா, காட்டுல இருக்கற கம்யூனிஸ்ட்டுங்களுக்கு அரிசி போயிரக்கூடாதுன்னு ரெண்டையும் கொண்டாந்து ஒரே கம்பி வேலிக்குள்ள போட்டுட்டாங்க. அறுபது வீட்டுக்கு ஒரு பைப்பு. ஆறு மணிக்கு கேட்டப் பூட்டிருவாங்க. அப்புறம் சண்ட வராம என்ன செய்யும்?

இப்ப அடிதடின்னா சும்மாவா? கத்தியும் கம்புமா கூட்டம் கூடுனா போலீஸ் லோரி வந்துரும். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்துல ஏத்திகிட்டுப் போன மூணு பேரு எங்க இருக்காங்கன்னு அவங்க பொஞ்சாதிமாருக்கே இன்னும் தெரியல.

அதான் நீங்க வந்து, பைப்புக்கு ஒரு தலைவரு போடுங்க, ரகசியமா ஓட்டுப் போடுங்க, அடிச்சிக்காம முடிவு பண்றதுதான் ஜனநாயகம்னீங்க. வேலம்மா அது ஏதோ மருந்துன்னு நெனச்சி, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு கேட்டுச்சே, மறந்துட்டீங்களா?

மேல லயத்துக்கு செல்லையா, கீழ லயத்துக்கு நான். ஆயாக்கொட்டாயில, புள்ளைங்களப் பாத்துக்கற எடத்துல, ஒரு சேலையத் தொங்கவிட்டு, அதுக்குப் பின்னால ரெண்டு பால் வாளி. அவரு வாளிக்கு செவப்புத் துணி, எனக்கு வெள்ள. அவருக்கு அறுபத்தி மூணு, எனக்கு அறுபத்தி ரெண்டு. கூட்டிப் பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. நீங்களும்தான் கை தட்டிட்டு, டீயக் குடிச்சிட்டுப் போனீங்க.

செல்லாதுன்னு எழுதப் போறீங்களா? வேணாங்க ஐயா. அந்தாளு தலைவரா வந்து மூணு வாரமா பைப்படியில ஒரு கெட்ட வார்த்த இல்ல. நேத்து ரெண்டு பொம்பளைங்க மொதல்ல வந்தது நீயா நானான்னு ஆரம்பிச்சாங்க. அவரு விசில எடுத்து ஊதினாரு, ஊதினாரு, நிறுத்தவே இல்ல. ரெண்டு பேரும் காதப் பொத்திகிட்டு எதுக்கு சண்டன்னே மறந்துட்டாங்க. வாளிக்கெல்லாம் சுண்ணாம்புல நம்பரு போட்டாரு. தன் வாளிக்குக் கடைசி நம்பர வச்சிகிட்டாரு. காலையில மொதல் வேலயா பைப்படியில சாம்பலத் தூவுவாரு, வழுக்குமாம். தூவிட்டு நெத்தித் தழும்பத் தடவிகிட்டு, எல்லாரும் பாத்து நடங்கம்பாரு, என் பக்கம் திரும்பி, ராஃபேலு நீயும் பாத்து நடன்னுவாரு. சிமெண்டு போட்டு நாலு மாசம் ஆவல, அங்க பாசியே புடிக்கல.

எனக்கு நிம்மதி இல்லாதது வீட்டுலதான். எம் பொஞ்சாதி யூஜினியா இருக்காளே, ரெண்டு லயத்துலயும் சரிக்கு சரி ஆளு, அப்ப நம்மாளுங்கள்ல எந்தத் துரோகி செல்லையாவுக்குப் போட்டான்னு வீடு வீடா விசாரிக்கிறா. சந்தேகம் வந்த வீட்டோட பேச்சு கெடையாது. இதுவரைக்கும் ஒம்போது வீடு ஆயிருச்சி. பூச வைக்க வந்த பங்குச் சாமியாரக்கூட ஒரு மாதிரியாப் பாத்தா. அவரு ஊரே உலு யாம், மலாயில உலுன்னா மேல் பக்கமாம்.

என்னங்க? மறுபடி வச்சா நான் ஜெயிக்கலாமா? தெரியும். அதான் வேணாங்கறேன்.

ஓட்டுக்கு முன்னால செல்லையா மண்ட ஒடஞ்ச விசயம் உங்க காகிதத்துல எப்படி இருக்கு? வழுக்கி விழுந்து பைப்புல இடிச்சிகிட்டாருன்னு இருக்கா? சரிதான், இன்ஸ்பெக்டர்கிட்ட அப்படித்தான் சொன்னாரு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஏழு தையல் போட்டாரு. ரத்தம் கண்ணுக்குள்ள எறங்குது, கேட்டுக்கு வெளிய லோரி என்சின அமத்தாம நிக்கிது. வாளிய எறிஞ்சது எவன்னு இன்ஸ்பெக்டர் கேக்குறாரு. செல்லையா என்னத்தான் பாத்தாரு. வேற யாரயும் பாக்கல. பாத்துட்டு, யாரும் எறியலீங்க, பாசி வழுக்கிருச்சுன்னாரு.

எறிஞ்சது நான்தாங்க. யூஜினியா வாளிய யாரோ வரிசையில பின்னால தள்ளி வச்சிட்டாங்கன்னு ஒரு கோவம். அவரு வாயத் தொறந்திருந்தா நானும் அந்த மூணு பேரோட நாலாவது ஆளு.

ஓட்டு அன்னிக்கு என் கொட்டய என் வாளியிலதான் போட்டேன். யூஜினியா சத்தியம் வாங்கித்தான அனுப்புனா. போட்டுட்டு சேலையத் தள்ளிகிட்டு வெளிய வரப் பாக்குறேன், கால்கிட்ட இன்னொண்ணு கெடந்துச்சு. குனிஞ்சி எடுத்து செவப்புத் துணி வாளியில போட்டுட்டேன். அவ்வளவுதான். இல்லன்னா சரிக்கு சரியா வந்து அன்னிக்கே வெட்டிகிட்டிருப்போம்.

எழுதிக்குங்க, கைநாட்டு வைக்கறேன். ஆனா இங்கிலீசுலயே எழுதுங்க ஐயா. யூஜினியாவுக்குத் தமிழு நல்லாப் படிக்கத் தெரியும்.