லீவு நாளிலும் நடந்த வேலை

அக்கரப்பத்தனையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவளுடைய அண்ணியும் இருந்தார்கள்.

"இன்னைக்கு நான் லீவு அண்ணி. ஆனா காலையிலருந்து ஆபீஸ்ல வேலை செஞ்சிக்கிட்டு இருக்கேன்."

"பஸ்ல ஒக்காந்துக்கிட்டா?"

"கம்பியூட்டர்ல புதுசா ஏ.ஐ.ன்னு ஒன்னு போட்டிருக்காங்கல்ல, நான் செய்றத பாத்து பழகிக்கிச்சு. தேயில ஏத்த எந்த லொறி எந்த பெக்டரிக்கு போகணும்னு, டிரைவர்மாருக்கு என் பேர்லயே மெசேஜ் அனுப்புது. ஒரு டிரைவர் அண்ணன் 'நன்றி தங்கச்சி'ன்னு எனக்கு போட்டிருக்காரு."

"நல்லதுதானே. கிளினிக்ல நிம்மதியா இருக்கலாம்."

"மத்த லீவுக்கெல்லாம் மெனேஜர் விடாம கோல் எடுப்பாரு. இன்னைக்கு ஒன்னுகூட இல்ல."

"திட்டு வாங்காதது மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் பிரசவ லீவு கேக்கணும் அண்ணி. அப்பறம் திரும்பி வரவே வேணாம்னு சொல்லிட்டா?"



ஹட்டன் டவுனில், பஸ் ஸ்டாண்டுக்கு முந்திய நிறுத்தத்தில் அவள் எழுந்தாள். "நீங்க போய் கிளினிக்ல நம்பர் எடுத்து வைங்க. நான் ஆபீஸ்ல மொகத்த காட்டிட்டு வந்துர்றேன்."

"மெதுவா போ புள்ள," என்று அண்ணி ஜன்னல் வழியாகச் சொன்னார்.

அவள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு வேகமாகத்தான் நடந்தாள்.